நகமும் சதையும்

பிரியாத நண்பர் இருவரைக் கண்டால், "இவர்கள் நகமும் சதையும் போன்றவர்கள்" என்று கூறுவது நம் நாட்டார் வழக்கு. உவமை பொருத்தமானதே. ஆயினும், இதனை முதன்முதற் கூறியவர் யாவரோ, அவர் தம் கைவிரலை நோக்கியே கூறியிருத்தல் வேண்டும். காற்பெருவிரலை நோக்கியிருப்பின் சற்றே தயங்கியிருப்பார். ஏனெனில், அவ்விடத்தில் நகமானது தன் நட்பை மறந்து, தன்னைத் தாங்கி நிற்கும் சதையையே துளைத்துப் புகுந்து, ஒருவனை நிற்கவும் நடக்கவும் இயலாதபடி வருத்துதல் உண்டு. மேனாட்டு வைத்திய நூலார் இதனை உள்வளரும் நகம் என்பர். நம் ஊர்களிலோ, நகத்தைச் சுற்றி வீங்கிச் சீழ்கொள்ளும் எதனையும் நகச்சுற்று என்று கூறி, ஓர் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலிற் செருகிவிடுதல் மரபு. கைவிரலில் எலுமிச்சம்பழத்துடன் உலவுவாரைப் பலரும் கண்டிருப்பர். காலில் அதனைச் செருகிக்கொண்டு வகுப்பிற்கு வருவது எங்ஙனம்? அஃதன்றி, நகச்சுற்றும் இதுவும் ஒன்றல்ல. நகச்சுற்றில் கிருமி முன்னே புகும். வீக்கம் பின்னே வரும். இதிலோ நகம் முன்னே புகும். அது திறந்த வாயில் வழியே கிருமி பின்னர் நுழையும். வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், வைத்தியம் முழுவதும் இதனையே பற்றி நிற்கின்றது.

இலக்கியமும் வரலாறும் விஞ்ஞானமும் விளங்கும் இம்மலரின் பக்கங்களில் கால்நகத்திற்கு இடமுண்டோ என்று ஐயுறும் அன்பர்களும் இருக்கலாம். அவர்க்கு ஒன்று கூறுவேன். இந்நோய் எவ்வயதினர்க்கும் வரலாமாயினும், மிகுதியாகக் காணப்படுவது குமரப் பருவத்தினரிடத்தும் இளைஞரிடத்துமே. கல்லூரியிற் பயிலும் வயது எதுவோ அதுவே இதற்கும் உரிய வயது. பந்தாட்டக் களத்திலும், தேசிய மாணவர் படையின் அணிவகுப்பிலும், விடுதியின் மாடிப்படிகளிலும் நொண்டி நடக்கும் இளைஞரை விசாரித்தால், சுளுக்கென்றும் கல்தடுக்கிற்றென்றும் கூறுவாரே யன்றி, நகம் என்று கூறார். சொல்ல வெட்கமுறும் அற்பநோய் என்று கருதுவதே காரணம். இரண்டு நாட்களில் நீங்கக்கூடிய துன்பம் இரண்டு மாதங்கள் நீடிப்பதும் இவ்வெட்கத்தினாலேயாம்.

இனி, நகத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். நகம் கெரட்டின் என்னும் புரதத்தாலாயது. மாட்டின் கொம்பும், குளம்பும், நம் தலைமயிரும் அப்பொருளாலாயவையே. கண்ணுக்குத் தெரியும் நகத்தட்டில் உயிருமில்லை, உணர்ச்சியுமில்லை. ஆகவே வெட்டினால் நோவதில்லை. உயிருள்ள பகுதி, விரலின் தோலுக்கடியில் மறைந்து கிடக்கும் நகவேர் ஆகும். அடிப்புறத்தில் வெண்பிறை போலத் தோன்றுவது அவ்வேரின் வெளிப்பட்ட ஓரமே. வேரிலுள்ள உயிரணுக்கள் இடையறாது பெருகி, முதிர்ந்து, இறுகி, முன்னோக்கித் தள்ளப்படுகின்றன; அவையே நகமாகின்றன. நகத்தின் இருமருங்கிலும் கரைகட்டினாற்போலச் சதைமடிப்புகள் உள்ளன. வாய்க்காலில் ஓடும் நீர் இருகரைக்கும் இடையே செல்வதுபோல, நகமும் இம்மடிப்புகளுக்கிடையே முன்னேறிச் செல்லுகின்றது. கைந்நகம் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். கால்நகம் அதிற் பாதியளவே வளரும். முற்றும் இழந்த கைந்நகம் ஆறு மாதத்தில் மீண்டும் நிரம்பும். காற்பெருவிரல் நகமோ 12 முதல் 18 மாதங்கள் வரை எடுத்துக்கொள்ளும்.

இவ்வளர்ச்சிக் கணக்கைக் கருதாமையே பலர் செய்யும் பிழையின் தொடக்கமாகும். சிறு வயதிலே பள்ளிக்கூடத்தில் வாரந்தோறும் நகம் சோதிக்கப்பெற்ற பழக்கத்தால், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கைந்நகங்களைக் களைந்து, அதே வேகத்தில் கால்நகங்களையும் களைந்துவிடுகின்றோம். பாதியளவே வளர்ந்துள்ள கால்நகத்தில் வெட்டுதற்குரிய பகுதி அன்று இல்லை. ஆகவே சதையை ஒட்டி வெட்டுகின்றோம். கைந்நகத்தை விரலின் வடிவிற்கேற்ப வளைத்து வெட்டுதல் அழகு. அவ்வழகையே காலிலும் நாடி, நகத்தின் இரு மூலைகளையும் உள்ளே ஆழ்ந்து வளைத்து வெட்டுகின்றோம். அங்கேதான் கேடு விளைகின்றது. மூலையின் ஆழத்திற்குக் கருவி எட்டாமையால், ஓரத்தில் முள்போன்ற ஒரு கூர்நுனி வெட்டப்படாமலே எஞ்சிவிடும். கண்ணுக்கு நகம் ஒழுங்காகவே தோன்றும். வாரங்கள் சில சென்றபின், நகம் முன்னோக்கி நகரும்போது, அக்கூர்நுனியும் சதைமடிப்பினுள்ளே ஆணியென இறங்கும். வெட்டிய நாளில் நோவு இல்லாமையால், பின்னர் வரும் நோவிற்குக் காரணம் அந்நாளின் வெட்டே என்று எவரும் நினைப்பதில்லை.

வெட்டுவதினும் கொடியது கையாற் கிழித்தல். குளித்தபின் ஊறி மென்மையாயிருக்கும் நகத்தின் ஒரு முனையைப் பற்றி இழுத்துக் கிழிக்கும் வழக்கம், படிக்குங்கால் காலைக் கட்டிலின்மேல் வைத்துக்கொண்டு எதையோ சிந்திக்கும் மாணவரிடம் பெரிதும் உண்டு. கிழிவது எங்கே முடியுமென்பது கிழிப்பவர்க்குத் தெரியாது; பெரும்பாலும் மூலையின் அடியாழத்திலேதான் முடியும். சவர அலகினாற் சீவுவாரும் இப்பிழைக்கு உட்பட்டவரே. அதனோடு, ஓர் அறையில் நால்வர் ஒரே அலகைப் பயன்படுத்துதல் வேறு தீங்குகட்கும் இடனாகும். இரவில் நகம் களையலாகாதென்று நம் பாட்டிமார் கூறியதை மூடநம்பிக்கை என்று நகைப்பவர் பலர். அகல்விளக்கின் ஒளியில் கால்நகத்தின் மூலை எவர்க்குத் தெரிந்திருக்கும்? அவ்விதிக்கு அவர்கள் கூறிய காரணம் எதுவாயினும், விதியை நான் குறைகூறத் துணியேன்.

ஆயின், எங்ஙனம் வெட்டுதல் வேண்டும்? விரலின் நுனி எவ்வளவு நீண்டுள்ளதோ அவ்வளவிற்கு நகத்தை விட்டு, குறுக்கே நேர்கோடாக வெட்டுதல் வேண்டும். மூலைகள் சதைமடிப்பின்மேல் வெளியே தெரியும்படி நிற்றல் வேண்டும். அவை கூராக இருந்து காலுறையிற் சிக்குமாயின், அரத்தினால் மெல்லத் தேய்த்து மழுக்கிவிடலாம். கால்நகம் தடித்ததாதலின், அதற்கெனச் செய்த பெரிய நகவெட்டியைக் கொண்டு சிறுசிறு பகுதியாக வெட்டுக. ஒரே வெட்டில் முழுநகத்தையும் களைய முயன்றால், நகம் வெடித்துப் பிளவு உள்ளோடும். குளித்தபின் வெட்டுதல் எளிது. மாதமொருமுறை போதும், விரைந்து வளர்பவர்க்குச் சற்று முன்னதாகவும் வேண்டியிருக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு தவறான கொள்கையைக் குறிப்பிடாமற் செல்ல இயலாது. நகத்தின் நடுவே ஆப்பு வடிவாக ஒரு வெட்டு வெட்டிவிட்டால், அப்பிளவை நிரப்பும்பொருட்டு நகத்தின் ஓரங்கள் நடுவை நோக்கி வளரும் என்றும், அதனால் சதையினின்று விடுபடும் என்றும் கூறுவாருளர். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால், நகம் வளருவது வேரிலிருந்தே யன்றி நுனியிலிருந்து அன்று. நுனியிலுள்ளது உயிரற்ற பொருள். கூரையின் இறவாரத்தில் ஓலையை நறுக்கினால் தென்னை எப்பக்கம் வளரும் என்று கேட்பதற்கும் இதற்கும் வேற்றுமையில்லை. அவ்வெட்டினால் தீங்கில்லை எனினும், நலமும் இல்லை. நலம் வருமென்று காத்திருக்கும் நாட்களில் நோய் முற்றுதலே பயன்.

இனிக் காலணி. வெறுங்காலோடு நடக்கும் மக்களிடத்தில் இந்நோய் அரிது என்பது வைத்தியர் கண்டறிந்தது. நாம் ஓரடி எடுத்து வைக்கும்போதெல்லாம் உடலின் பாரம் இறுதியிற் பெருவிரலின்மேல் விழுகின்றது. தரையானது விரலின் சதையை மேனோக்கித் தள்ளும்; சதை இருபுறமும் பிதுங்கி நகத்தின் ஓரத்தை நெருங்கும். வெறுங்காலாயின் சதை விரிதற்கு இடமுண்டு. முனை குவிந்த பாதரட்சைக்குள் அவ்விடமில்லை. ஒருபுறம் தோலும், மறுபுறம் இரண்டாம் விரலும் நெருக்க, சதை நகத்தின்மேல் ஏறிவிடும். நகம் மிகக் குறுக வெட்டப்பட்டிருப்பின், முன்னேயுள்ள சதையும் எழும்பி, வளர்ந்து வரும் நகத்திற்கு எதிரே சுவரெனத் தடுக்கும். இவற்றோடு நம் நாட்டு வெப்பம் சேர்கின்றது. இளைஞர்க்கு வியர்வை மிகுதி. நனைந்த காலுறைக்குள் அடைபட்ட தோல், நீரிலூறிய தோல்போலக் குழைந்து, நகத்திற்கு எளிதில் வழிவிடும். மழைக்காலத்தில் ஈரக்காலணியை மறுநாளும் அணிந்து செல்பவர் இதனைக் கருதுதல் நலம்.

வளரும் பிள்ளைக்கு இரண்டாண்டு வருமென்று பெரிய காலணி வாங்கும் தகப்பனாரும் இந்நோய்க்குத் துணைசெய்வதுண்டு. காலணி சிறிதாயினாற்றான் தீங்கென்பதில்லை. பெரிதாயின் கால் உள்ளே வழுக்கிச் சென்று, ஒவ்வோரடியிலும் பெருவிரல் முனையில் மோதும். காலணி வாங்குவார் மாலை நேரத்திலே செல்க; பகலெல்லாம் நடந்தபின் பாதம் சற்றே பருத்திருக்கும். அமர்ந்தவாறன்றி எழுந்து நின்று, இரு கால்களிலும் அணிந்து பார்க்க. மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு விரற்கிடை இடமிருத்தல் வேண்டும். உள்ளே விரல்களை அசைக்கவும் இயலவேண்டும். பந்தாட்டக் காலணி காலோடு ஒட்டியிருந்தால்தான் பந்து வசப்படும் என்று கருதி ஓரளவு குறைத்து வாங்கும் வழக்கம் ஆட்டக்காரரிடை உண்டு. ஆட்டத்தின் நுட்பத்தைப் பற்றி அவரோடு வாதிட எனக்குத் தகுதியில்லை. பெருவிரலைப் பற்றி மட்டும் வாதிடுவேன்.

பிற காரணங்களை விரிக்கவேண்டுவதில்லை. பிறப்பிலேயே நகம் ஓடுபோல் மிக வளைந்திருத்தல், விரலின்மேல் கனமான பொருள் விழுதல், பூஞ்சைநோயால் நகம் தடித்தல், கால்வீக்கம், முகப்பருவிற்காக உட்கொள்ளும் ஐசோட்ரெட்டினாயின் போன்ற சில மருந்துகள் ஆகியனவும் இதற்கு ஏதுவாம். ஒரே குடும்பத்தில் பலர்க்கு வருவதும் உண்டு.

நோயின் படிகளை ஹைபெட்ஸ் என்னும் அமெரிக்கச் சத்திர வைத்தியர் 1937-ஆம் ஆண்டில் மூன்றாக வகுத்தார். அப்பாகுபாடு இன்றும் வழங்கி வருகின்றது. முதற்படியில் நகத்தின் ஓரச்சதை சிவந்து, சிறிது வீங்கி, அழுத்தினால் நோகும். இரண்டாம் படியில் நோவு மிகும், நீரும் சீழும் கசியும், நாற்றமும் தோன்றும். மூன்றாம் படியில், ஆறாத புண்ணின்மேல் செக்கச் சிவந்த மென்சதை ஒன்று மொட்டுப்போல எழும்பி, நகத்தின் ஒரு பகுதியை மூடும். நம் நாட்டு வைத்தியர் இதனைத் துர்மாமிசம் என்பர். தொட்டவுடன் இரத்தம் பெருகுதலின், காண்போர் பெரிதும் அஞ்சுவர். உடல் தன்னுள் தைத்த முள்ளைச் சூழ்ந்து ஆற்ற முயன்று, ஆற்றமாட்டாது மேன்மேலும் எழுப்பிய சதையே அது. முள் நீங்கினால் அதுவும் பெரும்பாலும் தானே வாடிவிடும்.

முதற்படியில் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க பரிகாரம் உண்டு. நீரிழிவுடையார்க்கு மட்டும் இது பொருந்தாது, அதன் காரணம் பின்னர்க் கூறப்படும். பொறுக்கத்தக்க சூடுள்ள நீரில் சோப்பையாவது உப்பையாவது கரைத்து, நாடோறும் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால்மணி நேரம் பாதத்தை ஊறவைத்து, பின்னர் ஈரமின்றித் துடைக்கவேண்டும். ஊறியபின் சதை மென்மையுறும். அப்பொழுது சுத்தமான விரலால் ஓரச்சதையை நகத்தினின்று கீழும் புறமுமாக மெல்லத் தள்ளி ஒதுக்குக. பஞ்சினைத் திரிபோல மெல்லியதாகத் திரித்து, நகத்தின் மூலைக்கும் சதைக்கும் இடையே மெதுவாகச் செருகினால், நகத்தின் முனை சிறிது உயர்ந்து சதைக்கு மேலாக வளர வழியுண்டாகும். அத்திரியை நாடோறும் மாற்றுதல் வேண்டும். அழுக்குத் திரி புண்ணிற்குப் பகையாம். இன்னொரு முறையும் உளது. ஒட்டுத்துணி நாடா ஒன்றின் முனையை நகத்தையடுத்த சதையின்மேல் ஒட்டி, அச்சதையை நகத்தினின்று விலக்கி இழுத்தவாறே, விரலின் அடிப்புறமாகச் சாய்வாகக் கொண்டுசென்று ஒட்டவேண்டும். விரலை இறுக்கிக் கட்டாமல், சதையை விலக்கிப் பிடிப்பதே இதன் நோக்கம். செலவில்லாத இம்முறையினால் நோவு பெரிதும் தணிவதுண்டு. இவ்வாறு செய்துவரும் நாட்களில் முனை திறந்த செருப்பையே அணிதல் வேண்டும். நகத்தின் மூலை சதையைத் தாண்டி வெளிவரச் சில வாரங்கள் செல்லும். மாதத்திற்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்னும் கணக்கை மறந்து, நாலாம் நாளே பயனில்லை என்று கைவிடுவார் பலர்.

செய்யத்தகாதவற்றுள் முதலாவது, ஊசியாலோ அலகாலோ மூலையைத் தோண்டுதல். தோண்டினவுடன் நோவு தணியும் என்பது உண்மையே. குத்திய முனை அகன்றதன்றோ? ஆனால், முன்னினும் ஆழத்தில் வேறொரு கூர்நுனி எஞ்சும். அடுத்த மாதம் அது முன்னினும் ஆழமாகத் தைக்கும். இங்ஙனம் மாதந்தோறும் தோண்டியே ஓராண்டைக் கழித்தவர்களும் உளர். அசுத்தமான கருவியினால் இரணஜன்னி வரும் அபாயம் வேறு. இரண்டாவது, துர்மாமிசத்தைக் கரிக்க வேண்டி மயில்துத்தமும் சுண்ணாம்பும் இடுதல். அவை நல்ல சதையையும் வேகவைத்துப் புண்ணைப் பெருக்கும். மூன்றாவது, கடையிற் சென்று கிருமிகொல்லி மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்குதல். முள் தைத்த காலில் முள்ளை எடாமல் மருந்து மட்டும் உண்டால் என்னாகும்? சிவப்பு ஒருவாரம் தணிந்து, மாத்திரை முடிந்தபின் மீண்டும் வரும். சிவப்பு பாதத்தின்மேல் பரவுமாயினும், காய்ச்சல் காணுமாயினும் அம்மருந்துகள் இன்றியமையாதனவே. அதனை வைத்தியரே அறிவார்.

இரண்டாம் மூன்றாம் படிகளில் சத்திர வைத்தியமே தக்கது. கத்தி என்றதும் அஞ்சவேண்டுவதில்லை. ஆஸ்பத்திரியிற் படுக்கவேண்டியதுமில்லை. விரலின் அடியில் இருபுறமும் மரப்பூசி போடுவர். மெய்யாகவே நோவது அவ்வூசி ஒன்றுதான். பின்னர் விரலை ஒரு நாடாவால் இறுக்கி இரத்தவோட்டத்தைத் தடுத்து, நகத்தின் ஓரத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை நெடுக்கே வேர்வரை பிளந்து எடுத்துவிடுவர். நகம் முழுவதையும் பிடுங்கியெறியும் பழைய வழக்கம் சில இடங்களில் இன்னும் உளது. வேர் அப்படியே இருத்தலின் நகம் மீண்டும் முளைக்கும்; அதற்குள் முன்னேயுள்ள சதை எழும்பிவிடுமாதலால், நோயும் மீண்டும் வருதல் பெரும்பான்மை. பிடுங்கும் துன்பமும், ஓராண்டுக் காத்திருப்பும், முடிவில் பழைய நோயும் என மும்மடங்கு நட்டமாம்.

இது கருதியே, எடுத்த ஓரத்தின் வேரையும் அழித்துவிடும் முறைகள் தோன்றின. 1929-இல் வினோகிராட் என்பார் ஓரநகத்தையும் அதன் வேரையும் கத்தியாலேயே சேர்த்து அரிந்தெடுக்கும் முறையை வெளியிட்டார். 1945-இல் ஓட்டோ போல் என்பார் கத்திக்குப் பதிலாகப் பீனாலைக் கொண்டு வேரைக் கரிக்கும் முறையை விவரித்தார். பீனால் எது? நம் இரசாயன மாணவர் நன்கறிந்த கார்பாலிக் அமிலமே அது. 1834-இல் ருங்கே என்னும் ஜெர்மானியர் நிலக்கரித் தாரிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். 1865-இல் கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் இதனைக் கொண்டே புண்களில் கிருமியழிக்கும் முறையைத் தொடங்கினார். சத்திர வைத்தியத்தையே மாற்றியமைத்த அம்மருந்து, பிற்காலத்தில் புண்களுக்குக் கடுமையானதெனக் கைவிடப்பட்டது. எக்கடுமையால் அது விலக்கப்பட்டதோ அக்கடுமைக்காகவே நகவேருக்கு அது விரும்பி அழைக்கப்பெற்றது விந்தையே. சிறிய பஞ்சுமுனையில் செறிந்த பீனாலைத் தோய்த்து, உலர்ந்த வேர்க்குழியில் சில நிமிடம் தேய்த்துப் பின்னர்க் கழுவிவிடுவர். அது வேரின் உயிரணுக்களை அழிக்கும், கிருமிகளைக் கொல்லும், நரம்பின் முனைகளையும் மரக்கச் செய்யும். மூன்றாவது குணத்தால், மரப்பூசியின் வேகம் தணிந்த பின்னரும் நோவு குறைவாகவே இருக்கும்.

இது படித்து, சோதனைச்சாலையின் அலமாரியிலுள்ள சீசாவை நாடுவார் எவரேனும் உளராயின், அவர்க்கு ஓர் எச்சரிக்கை. பீனால் பட்ட தோல் வெளுத்து மரத்துப்போகும். மரத்தலின் வெந்தது தெரியாது. தோல் வழியே உடலினுட் சென்று நஞ்சாகவும் செய்யும். கர்ப்பிணிகளுக்கு வைத்தியரே இதனைத் தவிர்ப்பர்.

இம்முறைகளையெல்லாம் ஒப்பிட்டு ஆராய்ந்த காக்ரேன் கழகத்தாரின் மதிப்புரை 2012-இல் வெளிவந்தது. நோய் திரும்பாமற் காப்பதில் சத்திர முறைகளே பிறவற்றினும் சிறந்தன என்றும், நகத்தை எடுப்பதோடு பீனாலும் இடுதல் வெறுமனே எடுப்பதினும் நன்று என்றும், சிகிச்சைக்குப்பின் கிருமிகொல்லி மருந்து கொடுத்தலால் தனிப்பயன் புலப்படவில்லை என்றும் அதனால் அறிகின்றோம். சிகிச்சை பெற்றவர் அன்றே நடந்து வீடு செல்லலாம். முதல்நாள் காலை உயர்த்தி வைத்து இளைப்பாறுதல் நலம். பீனாலாற் கரிந்த இடத்திலிருந்து இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை நீர் கசியும். அது சீழன்று, அஞ்சவேண்டா. ஓரம் மீண்டும் முளைக்காமையால் நகம் சற்றே குறுகித் தோன்றும். உற்றுப் பார்ப்பார்க்கே அது தெரியும்.

நகத்தின்மேற் குற்றமே இல்லை என்று வாதிட்டவரும் உளர். 1959-இல் வாண்டன்பாஸ், பவர்ஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், உடற்பாரத்தால் பிதுங்கி நகத்தின்மேல் ஏறும் சதையே குற்றவாளி என்று கூறி, நகத்தைத் தொடாமல் இருமருங்கிலுமுள்ள சதையை அகல அரிந்தெடுக்கும் முறையை வெளியிட்டனர். புண் ஆறுவதற்கு வாரங்கள் பல செல்லினும், அம்முறையைக் கையாளும் வைத்தியர் இன்றும் உளர். நகமும் சதையும் ஒன்றன்மேல் ஒன்று பழிகூறும் இவ்வழக்கில், எனக்குத் தோன்றுவது காலணி செய்பவரையும் சேர்த்து விசாரிக்க வேண்டுமென்பதே.

பெருவிரலில் தோன்றும் ஆறாத புண் யாவும் உள்வளர் நகமன்று என்பதையும் அறிதல் வேண்டும். ஜமெய்க்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் காற்பெருவிரலில் நகத்தின் கீழே இருந்த புண், பந்தாட்டத்தில் நேர்ந்த காயம் என்றே முதலிற் கருதப்பட்டது. 1977-இல் அது கருநிறப் புற்றுநோய் என்று வெளிப்பட்டது; 1981-இல் தம் 36-ஆம் வயதில் அவர் இறந்தார். இது மிக அரிய நோயே. ஆயினும், நகத்தின் கீழே காரணமின்றிக் கருங்கோடு தோன்றினாலும், தக்க சிகிச்சைக்குப் பின்னும் சதைவளர்ச்சி ஆறாவிட்டாலும், அதனைச் சோதனைக்கு அனுப்பும்படி வைத்தியரைக் கேட்டல் தகும்.

இளைஞர்க்கு இது பெரும்பாலும் சில வாரத் துன்பமே. நீரிழிவுடைய அவர்தம் பெற்றோர்க்கு அங்ஙனமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் துணையோடு நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவுடையார் ஏறத்தாழ 10 கோடியர். நாட்பட்ட நீரிழிவு கால் நரம்புகளை மரக்கச் செய்யும், இரத்தவோட்டத்தையும் குறைக்கும். நகம் சதையிற் புகுந்தாலும் அவர்க்குத் தெரியாது; புண் சீழ்கொண்டு எலும்பை எட்டிய பின்னரே வீட்டார் அறிவர். விரலையோ பாதத்தையோ எடுக்கவேண்டிய நிலைக்கு இட்டுச் செல்லும் புண்கள் இத்தகைய சிறு தொடக்கத்தினின்றும் வருவனவே. வலியின் அருமையை உலகிற்கு உணர்த்தியவருள் ஒருவர் பால் பிராண்டு. 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோர்க்குப் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுவதில்லை என்றும், உணர்ச்சியற்ற அவ்விரல்களுக்கு நேரும் காயங்களை அவர்கள் அறியாமையே அழிவிற்குக் காரணம் என்றும் காட்டினார். இரவில் எலி கடிப்பதையும் உணராத நோயாளர் இருந்தமையால், வீடு திரும்புவோரிடம் பூனை கொடுத்தனுப்பினார். மரத்த பாதத்திற்கு மென்ரப்பர்ச் செருப்புச் செய்யும் முயற்சியும் அங்கே நடந்தது. அவர் கண்ட உண்மை நீரிழிவுடையார் பாதத்திற்கும் முற்றும் பொருந்துவது.

ஆகவே, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், நீரிழிவுடைய தாய் தந்தையரின் பாதங்களைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தல் வேண்டும். முதுமையிற் குனிய இயலாமையாலும் பார்வை மங்கலாலும் அவர்கள் தாமே பார்ப்பதில்லை. பிள்ளைகளிடம் காலைக் காட்டக் கூசுவாரும் உளர். விரலிடுக்குகளையும் நகத்தின் இரு ஓரங்களையும் நோக்குக. நகம் நீண்டிருந்தால் நேர்கோடாகச் சிறிது வெட்டலாம். தடித்துப் பழுத்திருந்தால் வெட்டாமல் வைத்தியரிடம் விடுக. வெந்நீரில் ஊறவைத்தல் அவர்க்கு ஆகாது. சூடு தெரியாமையாற் பாதம் வெந்துவிடும். ஓரத்தில் சிவப்போ ஈரமோ காணப்பட்டால், நோவில்லை என்று அவர்கள் கூறினும் அன்றே அழைத்துச் செல்க. செல்லும்போது அவர்கள் நாடோறும் அணியும் செருப்பையும் உடன் கொண்டுபோதல் நன்று. எவ்விடத்தில் அழுத்துகின்றது என்பதை வைத்தியர் அதனைப் பார்த்தே கூறிவிடுவார்.